ஆமையும் அகத்திப் பேனும்

ஆலந்தலை,
குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய வியாழன்.

அன்பு மகள் ஸ்டெபிக்கு, உன் அப்பா இனிகோ சொல்லச் சொல்ல ஞானபாய் டீச்சர் எழுதுவது. அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஆன்றோவும் உன் வயிற்றில் இருக்கிற சின்னதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே உன் அம்மா சுகம். உன் அண்ணன் அமலன் முத்தையாபுரத்தில் சுகம், துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டம் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கிறது. நானும் சுகம் என்று டீச்சர் எழுதப் போனார்கள், பாதி சுகம் என்று எழுதுங்கள் என்றேன். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், கரைக்குக் கொண்டுபோனால் யாராவது ஒருத்தன் வந்து உட்கார்ந்து, என்ன மாமா மகளா என்று என் வாயைப் பார்க்கிறான். எனக்கு எழுத்துத் தெரியாது, பஸ்ஸை அதன் நிறத்தையும் கண்டக்டர் குரலையும் வைத்து ஏறுகிறவன். அதனால் உனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர் வீட்டு மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் பேச்சை அவர்கள் நல்ல தமிழாக்கித்தான் எழுதுகிறார்கள், இடையில் என் வாய் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள். உட்கார்ந்திருக்கிறேன் என்றா சொன்னேன், இதுவரை மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்தாயிற்று. அண்ணாச்சி, நீங்க நடந்துகிட்டே சொன்னா நான் பின்னால ஓடிகிட்டே எழுதணுமா என்கிறார்கள் டீச்சர்.

விபூதிப் புதனுக்கு மறு வெள்ளி சாயங்காலம் நீ போனில் சொன்னதை வரிசை மாறாமல் சொல்கிறேன், சரியா என்று பார். பிளேனில் அத்தனை மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது என்றாய். பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது என்றாய். பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, அதெல்லாம் இல்லப்பா, நான் இங்கனயே பெத்துக்கிடுதேன், இதுதான் இப்ப என் வீடு, அம்மாட்ட நீங்க பக்குவமாச் சொல்லிருங்க என்றாய். பிரஷர் என்றதுதான் என் காதில் முதலில் ஏறியிருக்க வேண்டும் மகளே, ஏறவில்லை, கடைசியாகச் சொன்னதுதான் ஏறியது. கொல்லையிலிருந்து அடுப்படிக்குள் போனேன். உன் அம்மா சுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள், பேறுகால மருந்துக்கு. என்ன சொல்லுதா என்று தலையைத் தூக்காமல் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். வாராளாம் என்று வந்துவிட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், சரி என்றாள், மறுபடியும் சுக்கைத் தட்ட ஆரம்பித்தாள். தலைப்பேறு தாய் வீட்டில்தான் என்பது நம் தெருவில் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சுக்குக்கு முன்னால் நின்று வரமாட்டாள் என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. இன்றோடு முப்பத்து நாலு நாள். இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் விடியக்காலையில் நம் கரையில் ஒரு பங்குனி ஆமை ஏறியிருந்தது. இருட்டோடு வந்து இருட்டோடு இறங்கிவிடுகிற ஜென்மம், இது நேரம் தப்பி, விடிந்த பிறகும் பின் துடுப்பால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தது, கண்ணில் உப்புத் தண்ணீர் வழிந்தது. அது இறங்கிப் போன பிறகு வனத்துறை வாட்சர் வந்து முட்டையைப் பொரிப்பகத்துக்கு எடுத்தார், நூற்றுப் பதினெட்டு. நீ தவழப் பழகும்போது உன்னை எந்தப் பக்கம் திருப்பி இறக்கிவிட்டாலும் கடலைப் பார்த்துத்தான் போவாய், அதனால்தான் உனக்கு ஆமைக்குட்டி என்று பேர் வைத்தேன். ஆமைக்குட்டி எந்தக் கடலுக்குப் போனாலும் பெறவேண்டிய நேரத்தில் பிறந்த மண்ணைத் தேடி வரும் என்று தெருவெல்லாம் பெருமை பேசினவன் நான், நீ பிளேன் ஏறின அன்றைக்கு அழுத உன் அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன். ஆமை ஏறின அந்தக் காலையில் பக்கத்தில் நின்ற வலைக்கார ஜீவமணி, ஏலே இனிகோ, உன் மவ தனக்கு முன்னால ஆளு அனுப்பிருக்கா பாருலே என்று சிரித்தான். கூட வந்திருந்த உன் அம்மா சிரிக்கவில்லை. மூடிட்டுப் போயிருவா, திரும்பிப் பாக்கமாட்டா, பொரிச்சுதா செத்துதான்னு அவளுக்குத் தெரியாது, இதுல உமக்கு என்ன பெருமை என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் யார் யாருக்காக வேண்டுதல் என்று கருத்து வாசிக்கும்போது ஸ்டெபியின் சுகப்பேறுக்காக என்று வாசித்தார், உன் அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாள். வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் எப்ப வாரா, மெட்ராஸ்ல இறங்குதாளா மதுரையிலயா என்று கேட்கிறார்கள். நான் செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன். உன் அம்மாதான், நேரம் வரும்போது எல்லாம் நடக்கும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். தவக்காலத்தில் இப்படி ஒரு பொய்யை வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிடப் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றேன், எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். எனக்கு ஏழெட்டு வயதில், என் அப்பா தூத்துக்குடிக்கு முத்துக் குளிக்கப் போன வருஷம், துறையில் ஆமைகளை மல்லாக்கப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காலத்தில் அதற்குத் தடை கிடையாது. மல்லாந்து கிடந்தாலும் நாலு துடுப்பும் நிற்காது, காற்றைத் தள்ளிக்கொண்டே கிடக்கும், ஒரு சாண் நகராது. இந்த முப்பத்து நாலு நாளும் பாயில் நான் கிடக்கிற கிடை அதுதான். உன் அம்மாவோ திப்பிலியை வறுக்கிறாள், சதகுப்பையைப் பொடிக்கிறாள், கருப்பட்டி போட்டுக் கிண்டினதைப் பாட்டிலில் அடைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டுகிறாள். வீட்டில் இருக்கிற மருந்துக்கு எதற்கு டேப் என்று கேட்டால், எறும்பு என்கிறாள். திருச்செந்தூரில் போய்க் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி வந்திருக்கிறாள், பங்குனி வெயிலில். மாப்பிள்ளைக்காக இருக்கும், அவருக்கு அந்த ஊர்ப் பழக்கம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலேயே என்னை எழுப்பி, ஆத்தூருக்குப் போய் மந்திரமூர்த்திகிட்ட வெத்தலை வாங்கிட்டு வாரும் என்றாள். திருச்செந்தூரில் இல்லாத வெற்றிலையா என்றேன். அங்கன உள்ளதுதான் நல்லாருக்கும், அவசரம் ஒண்ணுமில்ல, பொழுதடைய வந்தாப் போதும் என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். மந்திரமூர்த்தியை உனக்குத் தெரியும், பெருவெள்ளத்தின்போது நம் வள்ளத்தை லாரியில் ஏற்றி ஆத்தூருக்குக் கொண்டுபோனோமே, அப்போது மாடியிலிருந்து நாங்கள் இறக்கின கொடிக்கால்காரர். அன்றிலிருந்து என்னிடம் வெற்றிலைக்குக் காசு வாங்குவதில்லை. அவர் கொடிக்காலில் வெற்றிலை ஏறி நிற்பதற்கு வரிசையாக அகத்தி மரம். நான் போன நேரம் அவர் ஒரு அகத்திக் கொப்பை வளைத்துப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் குருத்து முழுக்கக் கறுப்பாக, மை பூசினது மாதிரிப் பேன். கடுகில் பாதி இருக்கும், ஒன்றோடு ஒன்று ஒட்டி, மூக்கைக் குருத்தில் குத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எறும்பு அதன் மேலேயே நடக்கிறது, அது விடுகிற தித்திப்புத் தண்ணியைக் குடித்துவிட்டு அதற்குக் காவல் நிற்குமாம்.

சும்மா விடாத மனுஷன் அவர், எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். விவசாய ஆபீசர் இதுக்கு அசுவினின்னு பேரு சொல்லுதாரு அண்ணாச்சி, இதுல ஆம்பளையே கிடையாது, எல்லாம் பொட்டை, முட்டையும் கிடையாது, குட்டியாத்தான் போடும், அந்தக் குட்டி பிறக்கும்போதே அது வயித்துக்குள்ள அடுத்த குட்டி இருக்கு, பத்து நாள்ல அதுவும் பெத்துரும் என்றார். எல்லாம் ஒரே இடத்துலயா இருக்கும் என்று கேட்டேன். இருக்கும், பாட்டி ஆத்தா மகள் எல்லாம் இந்த ஒரே குருத்துலதான், ஆனா இடம் நெருங்கிட்டுன்னா, இல்ல குருத்து வத்திட்டுன்னா, பிறகு பிறக்கிறதுக்கு இறகு முளைக்கும், அது பறந்து வேற மரத்துக்குப் போயிரும், போன இடத்துல அது போடுத குட்டிக்கு இறகு இருக்காது, அந்த மரந்தான் அதுக்கு வீடு என்றார். இறகு இல்லாமல் இருந்து வளர்ந்துவிட்ட கிழட்டுப் பேனுக்குப் பிற்பாடு முளைக்குமா என்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அது செத்தாலும் முளைக்காது அண்ணாச்சி, அது இருந்த இடத்துலயே இருந்து காய வேண்டியதுதான் என்று சத்தியம் பண்ணினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஆமையும் பேனும் மாறி மாறித்தான் ஓடியது. ஆமை நம் பழைய நங்கூரம் கனம், பேனை விரலில் எடுத்தால் எடுத்தது தெரியாது. ஆமைக்குத் தாயாக ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கிற காலம் ஆகும், பேனுக்குப் பத்து நாள். ஆமை கடல் முழுக்கச் சுற்றும், ஆனால் பெறுவதற்குப் பிறந்த மண் வேண்டும் அதற்கு. வந்தாலும் பெற்ற தாய் அந்தக் கரையில் நிற்பதில்லை, இதுவும் தன் குட்டிக்காக நிற்பதில்லை, மண்ணைத் தேடித்தான் வருகிறது, மனுஷரைத் தேடி அல்ல. பேனுக்கு மண்ணும் கிடையாது ஊரும் கிடையாது, போய் இறங்கின கொப்பில் பெற்றுக்கொள்ளும், ஆனால் பெற்றதோடு உடம்பு உரச உட்கார்ந்திருக்கும். உன்னை இத்தனை வருஷம் ஆமை என்று சொன்னேனே, நீ ஆமையாக இருந்து என்ன லாபம் எனக்கு, வந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதற்கா. உன் அம்மா அன்றைக்குக் கரையில் சொன்னது அப்போதுதான் லேசாக உறைத்தது.

இன்னொன்றும் உறைத்தது. உன் பெரியப்பா வீட்டுக் கூரை இறங்கி அவர்கள் அஞ்சு பேரும் நம்மோடு வந்து இருந்தார்கள், இரண்டு அறையில் ஒன்பது பேர். நீ பத்தாவது படித்த வருஷம். கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துதான் படிப்பாய், நிழல் நகர நகர நீயும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நகர்வாய். ஒருநாள் நான் கூடையோடு வருகிறேன், அப்பா, எனக்குன்னு ஒரு மூலை கிடையாதா என்று கேட்டாய். இவ்வளவு பெரிய கடல் கிடக்குலா, அது போதாதாளா என்று சிரித்துவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை, சிவப்பு அட்டைப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாய். உனக்கு இறகு அன்றைக்குத்தான் முளைத்திருக்கும். நெருக்கினவன் நான். இப்போது நீ, இதுதான் என் வீடு என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்றும் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்துவிட்டது.

இவ்வளவு தெரிந்தும் மனசு கேட்கவில்லை மகளே. பாதி மருந்து பாட்டிலில் ஏறிவிட்டது, உன்னை ஏற்றுகிற பிளேன்காரன் சித்திரைக்குப் பிறகு ஏற்றமாட்டானாம், நாள் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு மேலே ஒரு வரி அடித்திருக்கும் பார், ஒளிக்க வேண்டாம் என்று அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் என்று தொடங்கினேன். அப்படி எழுதினால் நீ பறந்து வருவாய் என்று எனக்குத் தெரியும். டீச்சர் அதுவரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்கள். பிறகு அந்த வரியை அவர்களே கோடு போட்டு அடித்தார்கள். இத நான் எழுதமாட்டேன் அண்ணாச்சி, வயித்துப்பிள்ளைக்காரிக்கு இப்படி எழுதின கையோட நான் நாளைக்குக் கோயிலுக்குப் போகமுடியாது, உங்க முதல் பொய்யே உங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்துது என்றார்கள். அப்படியானால் உன் அம்மா அந்தோணியம்மாளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், எனக்குத் தெம்பு இல்லை என்றேன். அவளுக்கு என்ன சொல்லணும், அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார்கள்.

எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். பிறகு டீச்சர் சொன்னதைச் சொல்லுகிறேன். அன்றைக்கு நான் கொல்லையில் நின்று பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது, அதை அமத்த எனக்கு எங்கே தெரியும். அடுப்படி ஜன்னல் திறந்திருந்திருக்கிறது. நீ சொன்னது அத்தனையும், இதுதான் என் வீடு என்றது உட்பட, உன் அம்மா சுக்கும் கையுமாக நின்று கேட்டிருக்கிறாள். நான் உள்ளே போய் வாராளாம் என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் ஆமையைப் பார்த்துவிட்டு, நேரே டீச்சர் வீட்டுக்கு வந்து, எனக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுங்க, அவ வராட்டா நான் போறேன் என்றாளாம். அமலனுக்குத் தெரியும், அவன்தான் கூட்டிக்கொண்டு போய்க் கைரேகை வைத்து வந்திருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. என்னை ஆத்தூருக்குத் துரத்தின செவ்வாய்க்கிழமைதான் போலீஸ்காரர் விசாரிக்க வீட்டுக்கு வந்தாராம். டேப் ஒட்டின பாட்டில் பெட்டிக்கு, காலுறை அவள் காலுக்கு. இவரிடம் ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, சொன்னா எனக்குச் சோறு யாரு பொங்குவான்னு கேப்பாரு, அதுவும் போக, எத்தனை நாளைக்குத்தான் அதை வயித்துல வச்சிருக்காருன்னு பாப்பமே, மகளுக்கு முன்னால இவருக்கு நோவு கண்டுரும் போல என்று சிரித்தாளாம்.

சிரித்தாள், ஆனால் ஒரு பிடிவாதமும் வைத்திருக்கிறாள். விசாவுக்கு உன் அழைப்புக் கடிதம் வேண்டும், அதைக் கேட்க உனக்கு அவள் போன் பண்ணவில்லை. அவரு தன் வாயால எங்கிட்ட உண்மையச் சொல்லட்டும், அன்னைக்கே ஸ்டெபிகிட்டக் கேக்கேன் என்று இருக்கிறாளாம். பாஸ்போர்ட் வந்து பன்னிரண்டு நாள், டீச்சர் அலமாரியில் கிடக்கிறது. உன்னை வரவழைக்க நான் நடந்த நடையெல்லாம், உன்னிடம் வரக் கிளம்பினவளை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. டீச்சர் அதை எடுத்துக் காட்டினார்கள். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, படம் தெரியும். காதில் கம்மல் தெரிய, காமிராக்காரனை முறைத்துக்கொண்டு இருக்கிறாள், கலியாணத்தன்றைக்கு என்னைப் பார்த்த அதே முறைப்பு. இறகு பிற்பாடு முளைக்காது என்று மந்திரமூர்த்தி சத்தியம் பண்ணினார். அவருக்கு உன் அம்மாவைத் தெரியாது. ஆமையும் செய்யாததை, பேனும் செய்யாததை அவள் செய்யப் போகிறாள், பெற்ற பிள்ளையைத் தேடிப் போகிறாள்.

ஆகையால் மகளே, நீ வரவேண்டாம். பிரஷரைக் கவனி, உப்பைக் குறை, பாரம் தூக்காதே, நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் பேஷண்டைத் தூக்குகிற வேலையை மாற்றித் தரும்படி மாப்பிள்ளையை எழுதிக் கேட்கச் சொல். உன் அம்மாவுக்கு அழைப்புக் கடிதம் இன்றைக்கே அனுப்பு, பேறுக்கு முந்தி வர முடியாமல் பத்து நாள் பிந்தினாலும் வரட்டும். என் சோற்றைப் பற்றி ஒருத்தரும் பேச வேண்டாம், கடலில் பொங்கித் தின்றவன் நான், கரையில் பொங்கத் தெரியாதா. ஒன்று மட்டும் கேட்கிறேன், உன் வீட்டில், உன் வீட்டில் என்றுதான் எழுதச் சொல்லுகிறேன், அவளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கு. ஜன்னல் பக்கம் இருந்தால் நல்லது. நான் உனக்குக் கொடுக்காததை நீ அவளுக்குக் கொடு.

இப்போது நான் வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லமாட்டேன், முதலிலிருந்து என் வாயால் எல்லாவற்றையும் சொல்லுவேன். பாவசங்கீர்த்தன வரிசையிலிருந்து வந்தது மாதிரிப் பாதி வழியில் திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால் டீச்சரிடம் இதைத் தபாலில் போட வேண்டாம், படம் பிடித்து இந்த நிமிஷமே உனக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் வீட்டுப் படியேறுவதற்குள் நீ படித்து முடித்திருப்பாய். ஒரு மணி நேரம் கழித்து அம்மாவைக் கூப்பிடு. அப்போதும் நான் சொல்லியிருக்காவிட்டால் நீயே சொல், நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஆண்டவரும் மாதாவும் உன்னையும் உன் பிள்ளையையும் மாப்பிள்ளையையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். போனில் ஸ்பீக்கரை எப்படி அமத்துவது என்று டீச்சர் இப்போது காட்டித் தந்தார்கள், ஆனால் நான் அமத்தப் போவதில்லை, அவளும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா இனிகோ,
இடது பெருவிரல் ரேகை.
(ரேகை இழுபட்டிருப்பது டீச்சர் குற்றமில்லை, மை காயுமுன் எழுந்துவிட்டேன்.)